மாமாவின் முதுகும் ஒரு அடகு ரசீதும்

என் முதல் குறும்படம் 12 நிமிடம். 2016-இல் திருமங்கலத்தில் எங்கள் வீட்டிலும் பக்கத்துத் தெரு அடகுக் கடையிலும் இரண்டே நாளில் எடுத்தது. சாலிகிராமத்தில் ஓர் எடிட்டர் அண்ணன், தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக எடிட் பண்ணித்தர ஒப்புக்கொண்டார். ஹார்ட் டிஸ்கைக் கொடுத்துவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதி ஃபுட்டேஜைப் பார்த்திருந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "தம்பி, எல்லாரும் காதுக்குள்ள வந்து கத்துறாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுற ஆளு ஒருத்தர்கூட இல்லையா?" என்றார்.

அவர் சவுண்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். "மைக் சரியாத்தான்ணே வச்சோம்" என்றேன். சிரித்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். வரிசையாக முகங்கள். அப்பா முகம், மகன் முகம், கடைக்காரர் முகம், மறுபடி அப்பா முகம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அடியில் ஒட்டி வைத்திருப்பார்களே, அப்படி இருந்தது.

முகம் மட்டும் ஃபிரேமை நிரப்புகிற ஷாட்டைத்தான் க்ளோஸ் என்போம். அத்தனை க்ளோஸ் எடுத்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடகை கேமராவோடு ஒரு 50 எம்.எம். லென்ஸ் வந்தது. அதன் துவாரம் எஃப் 1.8 வரை, அதாவது நன்றாக அகலமாகத் திறக்கும். அப்படித் திறந்து வைத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் போனால், பின்னால் இருக்கிற பீரோ, கொடியில் காய்கிற துணி, சுவரில் உரிந்து தொங்குகிற பெயின்ட் எல்லாம் கரைந்து போய்விடும். க்ளோஸ் வைத்தால் மானிட்டரில் சினிமா தெரிந்தது. வைடு வைத்தால், அதாவது அறை முழுக்கத் தெரிகிற மாதிரி எடுத்தால், எங்கள் வீடு தெரிந்தது. எனக்குக் கூச்சம். கதையே அந்த வீட்டைப் பற்றியது என்பது அப்போது உறைக்கவில்லை.

"முழுக்க முகமாவே எடுத்த படமெல்லாம் இருக்கேண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் 1928-இல் ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையைப் பெரும்பாலும் க்ளோஸப்பிலேயே எடுத்திருக்கிறார் என்பதை எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அண்ணன் அசரவில்லை. "அவரு அதுக்குன்னே திட்டம் போட்டு எடுத்தாரு. நீ துணி காயுறத மறைக்கிறதுக்கு எடுத்தே."

கதை சின்னது. ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் ஒருவர் மகளின் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். பணத்தைப் புரட்டிக்கொண்டு மீட்கப் போகிறார். கெடு தாண்டி நகை முழுகிப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, மகனிடம் சொல்ல முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான்.

கண்டக்டராக நடித்தவர் என் தாய்மாமா. மதுரை வட்டாரத்தில் முப்பது வருஷமாக ஸ்பெஷல் நாடகத்தில் இருப்பவர். ஒரு காலத்தில் ராஜபார்ட், இப்போது நாரதர். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். பொட்டலில் பாய் விரித்துப் பாதித் தூக்கத்தில் கிடக்கிற கடைசி ஆளுக்கும் சோகம் போய்ச் சேர வேண்டும். ஆகவே மாமாவுக்குச் சோகம் வந்தால் புருவம் ஏறும், கன்னம் அதிரும், கீழ் உதடு தனியாக ஒரு வேலை பார்க்கும். பொட்டலில் அது நடிப்பு. நெற்றியிலிருந்து தாடை வரை ஃபிரேமை நிரப்புகிற டைட் க்ளோஸில் அது நிலநடுக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதடி உயரத் திரையில் ஒரு முகம் மேலிருந்து கீழ் வரை நிற்கும்போது, அரை சென்டிமீட்டர் ஏறுகிற புருவம் அங்கே அரை அடி ஏறும்.

ஷூட்டிங்கில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. "மாமா, கொஞ்சம் கொறைங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் குறைத்தார். குறைத்து நடிக்கிறார் என்பதும் நன்றாகவே தெரிந்தது! இருபது டேக்குக்கு அப்புறம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மூஞ்சிக்கு முன்னாடி மெஷின வச்சுக்கிட்டு நடிக்காதேங்குற. அப்புறம் எதுக்கு மாப்ள என்னையக் கூப்பிட்ட?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பதில் எடிட் ரூமில் கிடைத்தது, அதுவும் வேஸ்ட் ஃபுட்டேஜில்.

கடைக் காட்சியில் ஒரு டேக் முடிந்து நான் "கட்" சொல்லிவிட்டேன். கேமராவைப் பிடித்திருந்த நண்பன் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்து, ஸ்டாண்டோடு தூக்கிப் பின்னால் வைத்திருக்கிறான். ஷாட் முடிந்தது என்று நினைத்த மாமா கவுன்ட்டரில் ஒரு கையை ஊன்றுகிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். காலையிலிருந்து நின்ற அசதி. பிறகு படியில் இறங்கி, குனியாமல், காலாலேயே துழாவிச் செருப்பைத் தேடுகிறார். முகம் தெரியவே இல்லை. முதுகு மட்டும். வியர்வையில் சட்டை தோள்பட்டையோடு ஒட்டியிருக்கிறது.

அண்ணன் அந்த இடத்தில் நிறுத்தினார். "இங்க நடிக்கிறாரு பாரு உங்க மாமா."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வைடு என்றால் இடம் காட்ட, இடுப்புக்கு மேலே எடுக்கிற மிட் என்றால் பேச, க்ளோஸ் என்றால் உணர்ச்சிக்கு என்று ஒரு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். உணர்ச்சி முகத்தில்தான் இருக்கும் என்று யார் சொன்னது? என் மாமாவுக்கு அது தோளிலும் பாதத்திலும் இருந்தது. இன்னொருவருக்குக் கண்ணில் இருக்கலாம், அவருக்குக் க்ளோஸ் வைப்பதுதான் மரியாதை. நடிகரின் நடிப்பு உடம்பில் எந்த இடத்தில் குடியிருக்கிறது என்று பார்க்காமல் ஷாட் லிஸ்ட் எழுதக் கூடாது. இப்போதெல்லாம் ஷூட்டிங்குக்கு முன்னால் நடிகரோடு அரை நாள் சும்மா சுற்றுகிறேன். அவர் டீ குடிப்பதை, செருப்பு மாட்டுவதைப் பார்க்கிறேன்.

அந்த விபத்தில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. டேக் முடிந்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் கட் சொல்வேன்.

ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு நாள் ரீஷூட் வைத்தோம். அண்ணன் போட்ட நிபந்தனை: வைடு எடு, சஜஷன் எடு, நாலைந்து இன்சர்ட் எடு, க்ளோஸ் ஒன்றே ஒன்றுதான். தோளுக்கு மேலாக எடுக்கிற ஷாட்டைத்தான் நம் யூனிட்களில் சஜஷன் என்பார்கள். முன்னால் ஒருவரின் தோளும் காதும் ஓரமாக, அதைத் தாண்டி எதிராளியின் முகம்.

கடைக்காரர் "கெடு முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுய்யா, முழுகிப் போச்சு" என்று சொல்லும் இடத்தை, மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே சஜஷனாக வைத்தேன். சொன்னதும் மாமா முகத்துக்கு வெட்டவில்லை. அங்கேயே நின்றோம். கழுத்தின் பின்பக்கம் ஒரு நரம்பு, அதற்குக் கீழே கசங்கிய காலர். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மாமாவின் வலது கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போகிறது. பதினோரு செகண்ட். பழைய வெர்ஷனில் இதே இடத்தில் ஆறு க்ளோஸ் இருந்தது.

சஜஷன் எடுக்கும்போது சறுக்குகிற ஒரு விஷயம்: இரண்டு பக்கமும் எடுப்பதாக இருந்தால் ஒரே லென்ஸ், ஒரே தூரம், ஒரே உயரம். ஒரு பக்கம் தோள் பாதி ஃபிரேமை அடைத்துக்கொண்டு, மறுபக்கம் காது நுனி மட்டும் எட்டிப் பார்த்தால், பேச்சில் ஒருவர் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும். வேண்டுமென்றே செய்தால் சரி. நான் முதல் தடவை அவசரத்தில் செய்திருந்தேன்.

ரசீது விஷயத்துக்கு வருகிறேன், இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ரோஸ் கலர் காகிதம், நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்துபோனது. அதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்தோம். மாமாவின் கண் இருக்கிற பக்கத்திலிருந்து எடுத்தபோது அது நம் கையில் இருக்கிற காகிதம். எழுத்து நேராகத் தெரிகிறது, கட்டை விரல் ஓரத்தைத் தடவுவது நம் விரல் மாதிரியே இருக்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கடைக்காரர் பார்க்கிற மாதிரி எடுத்தபோது அதே காகிதம் யாரோ ஒருவர் நீட்டுகிற குப்பை. பையிலிருந்து எடுக்கும்போது முதலாவது, கடைக்காரர் விரலால் திருப்பித் தள்ளும்போது இரண்டாவது. வசனம் ஒன்றுமில்லை. இன்சர்ட் என்றால் 'பொருளைப் பெரிதாகக் காட்டுவது' என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். யார் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பொருளைப் பார்க்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

மிச்சமிருந்த ஒரே க்ளோஸை எங்கே வைப்பது என்று ரொம்ப யோசித்தேன். கடையிலிருந்து இறங்கி, பைக்கில் காத்திருக்கும் மகனைப் பார்க்கும் இடத்தில் வைத்தேன். ஆனால் மாமாவின் புருவத்தை என்ன செய்வது? சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்ததாகச் சொல்லப்படும் சோதனை நினைவுக்கு வந்தது. மொஸ்ஸூகின் என்ற நடிகரின் ஒரே சலனமற்ற முகத்தை ஒரு சூப் தட்டுக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்கள் பசி என்றார்கள், துக்கம் என்றார்கள், ஆசை என்றார்கள்.

"மாமா, மனசுக்குள்ள ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"அதுல என்ன மாப்ள நடிப்பு இருக்கு?"

"எண்ணுங்க மாமா."

எண்ணினார். முதல் டேக்கில் உதடு அசைந்து ஒன்று, இரண்டு என்று தெரிந்தது. மூன்றாவது டேக்கில் ஓகே. ரசீதுக்குப் பக்கத்தில் அந்த முகத்தை ஒட்டிப் பார்த்தபோது அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சேவ் பண்ணினார்.

சாப்பாட்டுக் காட்சியில் நான் செய்தது வேறு ரகக் கூத்து. அப்பாவும் மகனும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பாவை எடுத்தாயிற்று. மகனை எடுக்கப் போனால் பின்னால் ஜன்னல் வெளிச்சம் கொட்டுகிறது, முகம் கறுத்துப் போகிறது. சரி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் எடுத்துவிட்டேன். எடிட் டேபிளில் ஒட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ரைட் லுக், இரண்டு பேருமே திரையின் வலது பக்கம் பார்க்கிறார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் படம் போட்டு எழுதியிருப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் மறந்துவிட்டது.

"ஃப்ளாப் பண்ணிரலாம்ணே" என்றேன். அதாவது மகன் ஷாட்டைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்புவது. திருப்பினார். லுக் சரியாகிவிட்டது. பையனின் சட்டைப் பை வலது பக்கம் போய்விட்டது. சுவரில் தினசரி காலண்டரின் எண் இடம் வலமாகத் திரும்பிப் போனது. இதையெல்லாம்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சமாளித்திருப்பேன். ஆனால் பையன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நம் ஊரில் எந்த ரசிகன் அதை விடுவான்?

அதே காட்சியில் உயரமும் தப்பு. ஸ்டாண்டை என் நெஞ்சு உயரத்துக்கு வைத்துவிட்டேன், எனக்கு மானிட்டர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை அந்த உயரத்திலிருந்து பார்த்தால், வாசலில் வந்து நிற்கிற வட்டிக்காரன் பார்க்கிற மாதிரி இருக்கிறது. உச்சந்தலையும் இலையும்தான் தெரிகிறது. ஜப்பானில் இயக்குநர் ஓஸு தன் படங்களில் கேமராவைத் தரைக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்த மாதிரி வைப்பார். பெரும்பாலும் ஒரே 50 எம்.எம். லென்ஸ். தரையில் உட்கார்ந்து உண்கிற வீடுகள் நமக்கும் இருக்கின்றன, நமக்கு அது தோன்றியிருக்க வேண்டும். ரீஷூட்டில் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, கேமராவை ஒரு குப்புறப் போட்ட அரிசி மரக்காலின் மேல் வைத்தோம். காட்சி உடனே வீட்டுக்குள் வந்துவிட்டது. கேமராவின் உயரம் வேறு, கோணம் வேறு என்பதை இங்கேதான் கற்றேன். தாழ்வாக வைத்து நேராகப் பார்க்கலாம், அது லோ ஆங்கிள் ஆகாது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் லோ ஆங்கிள்.

லோ ஆங்கிளும் வைத்தேன், கடைக்காரருக்கு. அதிகாரம் தெரிய வேண்டுமாம். கீழே படுத்துக்கொண்டு எடுத்தால் அவர் தலையிலிருந்து சீலிங் ஃபேன் முளைத்திருந்தது, மூலையில் ஒட்டடை. லோ ஆங்கிள் வைத்தால் கூரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். இயக்குநர் ஆர்சன் வெல்ஸும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் செட்டுக்குத் துணியால் கூரை கட்டி, மைக்கை அதற்கு மேலே ஒளித்து வைத்தார்கள். அந்தப் படத்தில் இன்னொன்று. நாயகன் தேர்தலில் தோற்று நிற்கிற காட்சிக்குத்தான் தரையையே உடைத்துக் கேமராவைக் கீழே இறக்கினார்கள். தோற்றவனை அண்ணாந்து பார்க்க வைக்கிறார்கள். லோ ஆங்கிள் என்றால் வீரம், மேலிருந்து பார்க்கிற டாப் ஆங்கிள் என்றால் பாவம் என்று யாராவது அகராதி மாதிரி சொன்னால் நான் இப்போது தலையை மட்டும் ஆட்டுவேன். ஹீரோவின் செருப்பிலிருந்து ஆரம்பிக்கிற அறிமுகக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அகராதி எளிதாக வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கடைக்காரரைக் கடைசியில் கண் மட்டத்தில், கம்பி வலைக்குப் பின்னால் வைத்தேன். அதிகாரத்தைக் கம்பியே பார்த்துக்கொண்டது.

லென்ஸ் பற்றி ஒரு சின்ன விஷயம். மகனாக நடித்த நண்பனுக்கு ஜூம் லென்ஸில் 24 எம்.எம். வைத்து, ஒன்றரை அடி தூரத்தில் போய் ஒரு க்ளோஸ் எடுத்தேன். மூக்கு முன்னால் வந்து, காது பின்னால் ஓடிவிட்டது. "டேய், வீட்டுல எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்கடா" என்று கெஞ்சினான். ஐந்தடிக்கு மேல் தள்ளிப் போய் 85 எம்.எம்.-இல் எடுத்தால் அதே அளவு முகம், மூக்கு அதன் இடத்தில் இருக்கும். முகத்தை மாற்றுவது தூரம்தான். லென்ஸ் அந்தத் தூரத்தில் நின்று எவ்வளவு வெட்டி எடுக்கிறோம் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. இதை நான் புத்தகத்தில் நம்பவில்லை, அவன் மூக்கைப் பார்த்துத்தான் நம்பினேன்.

மிட்டிலிருந்து கொஞ்சூண்டு டைட்டான மிட்டுக்கு வெட்டினால் ஜம்ப் அடிக்கும் என்பதும் அங்கே தெரிந்தது. அளவு நன்றாக மாற வேண்டும், கேமராவும் முப்பது டிகிரியாவது நகர வேண்டும். இல்லாவிட்டால் படம் தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும்.

கடைசி ஷாட் ஒரு லாங், ரொம்பத் தள்ளி நின்று எடுப்பது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போகிறார், மகன் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னால். எடிட் ரூமின் பெரிய மானிட்டரில் எனக்குக் கண் கலங்கியது. நெட்டில் போட்ட பிறகு என் அத்தை போனில் பார்த்துவிட்டுக் கேட்டார், "கடைசியில எதுக்குடா சும்மா ரோட்டக் காட்டுற?" ஆறு அங்குலத் திரையில் மாமா ஓர் எறும்பு. இப்போது எல்லா ஷாட்டையும் லொகேஷனிலேயே ஒருமுறை போனில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிடுகிறேன். லாங் எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த ஆள் மேல் வெளிச்சமோ, ஒரு வெள்ளைச் சட்டையோ, ஃபிரேமில் வெற்று இடமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவுக்குப் படம் பிடித்திருந்தது, ஒரு குறை தவிர. "முப்பது வருஷமா அரிதாரம் பூசுன மூஞ்சி. முதுகக் காட்டியே முடிச்சுட்டியே மாப்ள." ஆனால் அந்தப் பத்து எண்ணுகிற வித்தை அவர் மனசில் தங்கிவிட்டது. அடுத்த மாதம் ஒரு கோயில் திருவிழா நாடகத்தில், துக்கமான இடம் வந்ததும் புருவத்தை ஏற்றாமல், அசையாமல் நின்று உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்திருக்கிறார். நாலு எண்ணுவதற்குள் ஆர்மோனியக்காரர், வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று பதறி, ஒரு பாட்டை எடுத்துவிட்டாராம்.

மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. தூங்காத குரல்.

"மாப்ள, அந்தப் பத்த நீயே வச்சுக்கடா."